புகார் இல்லாத தெரு

டிரைவிங் அக்காவின் எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்ற செல்போன் டவரை ஒருநாள் காலையில் ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சும்மா போகவில்லை, மரியாதை தெரிந்தவர்கள். தெருமுனையில் ஒரு பெரிய பதாகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ‘உங்கள் தெரு எதிர்காலத்துக்குத் தயாராகிறது. இனி திறந்தவலை!’ என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் ஒரே போனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் நிச்சயமாக இந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. இந்தத் தெருவில் அன்று மத்தியானத்திலிருந்து யார் போனிலும் ஒரு சிக்னல் கோடுகூட நிற்கவில்லை.

மற்றவர்களுக்கு அது எரிச்சல். அக்காவுக்கு அது உயிர் விஷயம்.

அவள் ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவள் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவன் காலடியில், இன்னொன்று அவள் காலடியில். உலகத்தில் எது தப்பாகப் போனாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டாள். அவள் புருஷன் குழாய் ரிப்பேர்காரர். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் சரிசெய்தவருக்கு நெஞ்சு தாளம் தப்பிப்போய், தோலுக்கடியில் ஒரு கருவி வைத்துத் தைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. கருவி சொல்வதை அந்தப் பெட்டி கேட்டு, செல்போன் டவர் வழியாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். சொல்லிவிட்டால் பச்சை விளக்கு. சொல்ல முடியாவிட்டால் சிவப்பு.

டவர் போன அன்றைக்குச் சிவப்பு எரிய ஆரம்பித்தது. அக்கா ஆஸ்பத்திரிக்கே நேரில் ஓடினாள்.

“சிவப்புன்னா எங்களுக்கு ஒண்ணும் வராதுக்கா,” என்றாள் நர்ஸ். “அவருக்கு ஏதாவது ஆனாலும் தெரியாது. தினம் ஒரு தடவையாவது டவர் கிடைக்கிற இடத்துக்குப் பெட்டியையும் அவரையும் கூட்டிட்டுப் போய், பச்சை வர்ற வரைக்கும் வச்சிருங்க.”

அப்படித்தான் அந்தச் சாயங்காலப் பயணம் ஆரம்பமாயிற்று. கடைசி மாணவனை இறக்கிவிட்டதும் அக்கா புருஷனைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பெட்டியைக் கார் சார்ஜரில் சொருகி, மார்க்கெட் மேட்டுக்கு ஓட்டுவாள். அங்கே ஒரு டவர் இருந்தது. எல் போர்டு மாட்டிய காரில் ஓர் ஆள் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்து மார்க்கெட்காரர்கள், பாடம் ரொம்பக் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

“பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறான். நீ என்னைச் சிக்னலுக்குக் கூட்டிட்டு வர்றே,” என்பார் புருஷன்.

“வாயை மூடிட்டுப் படுங்க. இன்னும் பச்சை வரல.”

போன் கம்பெனியில் கேட்டால், டவரைக் கழற்றச் சொன்னது நாங்கள் இல்லை, எதிர்காலத் திறந்தவலை ஆணையம் என்றார்கள். சரி, எதிர்காலத்தையே போய்ப் பார்த்துவிடுவோம் என்று அக்கா கிளம்பினாள்.

ஆணையம் ஒரு கண்ணாடிக் கட்டடம். திறந்தவலையின் தலைமையகம் அல்லவா, எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. உள்ளே போக வேண்டுமானால் வாசலில் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும், போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால் கதவு திறக்கும். வாசலில் டவர் கிடைக்காது.

“எல்லாரும் எப்படிப் போறாங்க?” என்று காவலாளியைக் கேட்டாள்.

“எதிர்ல டீக்கடை இருக்குல்ல, அங்க ஃபிரிட்ஜ் பக்கத்துல ஒரு கோடு நிக்கும். நம்பர் வந்ததும் ஓடி வந்துடணும். மெதுவா வந்தா காலாவதி ஆயிடும்,” என்றார் காவலாளி. “வயசானவங்கன்னா கடைக்காரரே ஓடி வந்து சொல்லுவாரு. நல்ல மனுஷன்.”

அக்கா ஓடினாள். மூச்சு வாங்க உள்ளே போய்த் துணை இயக்குநர் முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். துணை இயக்குநர் இரக்கமுள்ளவர். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அது நிகழ்காலத்துல இருக்கு. நாங்க எதிர்காலத்துக்கு மட்டும்தான்.”

“நிகழ்காலத்துக்கு யாரு சார்?”

“கீழ்த்தளத்துல ஒரு பிரிவு இருந்துச்சு. அதை மூடியாச்சு. அங்கதான் இப்ப காபி மெஷின் இருக்கு. நல்லா இருக்கும், போகும்போது ஒண்ணு குடிச்சுட்டுப் போங்க.”

“அப்ப என் வீட்டுக்காரரு நெஞ்சு?”

“எதிர்காலத்துல உங்க வீட்டுக்காரர் நெஞ்சு மட்டும் இல்லம்மா, உங்க ஃபிரிட்ஜ், குடை, செருப்பு எல்லாமே வலையில பேசும். அதுவரைக்கும் அவரைப் பத்திரமாப் பார்த்துக்கங்க. இன்னிக்கு மாடியில பொது விசாரணை நடக்குது, வேணும்னா போய் உக்காருங்க.”

அக்காவின் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. எழுந்து மாடிக்குப் போனாள்.

பொது விசாரணை மண்டபத்தில் போனை எல்லாம் வாசலிலேயே வாங்கிப் பெட்டகத்தில் பூட்டினார்கள். உள்ளே நீள மேஜை. கம்பெனிக்காரர்கள், ஆலோசகர்கள், ஆலோசகர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலி மட்டும் காலி. அதற்கு முன்னால் ‘பொதுமக்கள்’ என்று பெயர்ப்பலகை. ஒரு குமாஸ்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“சார், பொதுமக்கள் வரல. சளியாம்.”

விசாரித்ததில், பல வருஷமாகப் பொதுமக்களாக இருந்தவர் ஆணையத் தலைவரின் மைத்துனர் என்று தெரிந்தது. அவருக்கு நேற்று மழையில் நனைந்து சளி. பொதுமக்கள் இல்லாமல் கூட்டம் நடத்தச் சட்டத்தில் இடமில்லை. தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கம்பெனியும் இல்லாமல், ஆலோசகரும் இல்லாமல், வேர்த்து வழிந்துகொண்டு ஒரே ஒரு ஆள்தான் நின்றாள்.

“அந்த அம்மாவை உக்கார வையுங்க.”

குமாஸ்தா நீட்டிய காகிதத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். நியாயம் கிடைக்கப்போகிறது என்று நினைத்தாள், பாவம். நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. வயரும் இல்லை.

“இது வயர்லெஸ்ஸா தம்பி?” என்று குமாஸ்தாவிடம் கிசுகிசுத்தாள்.

“இல்லக்கா, அது சும்மா வச்சிருக்கு.”

தலைவர் எழுந்தார். வெள்ளை முடி, மெழுகு போட்ட மாதிரி முகம், மேடைக்கென்றே பிறந்த குரல்.

“நண்பர்களே! பழைய வலை அடிமைத்தனம். ஆன்டெனாவும் ஒரே கம்பெனி, ரேடியோவும் அதே கம்பெனி, உள்ளே இருக்கிற மென்பொருளும் அதே கம்பெனி. பழுதானால் குடிமகன் அந்த ஒரு கம்பெனியை மட்டுமே திட்ட முடிந்தது. என்ன கொடுமை! திறந்தவலையில் ஆன்டெனா ஒருவருடையது, ரேடியோ இன்னொருவருடையது, மென்பொருள் வேறொருவருடையது, மூன்றையும் சேர்த்துவைப்பவர் நான்காமவர். பழுதானால் குடிமகன் தன் விருப்பப்படி யாரை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். இதுவல்லவா போட்டி? இதுவல்லவா சுதந்திரம்?”

கை தட்டினார்கள். ஒரு கம்பெனிக்காரர் மட்டும், பழுதை யார் சரிசெய்வது என்று கேட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராம். அதற்குத்தான் துணைக்குழு அமைத்திருக்கிறோம் என்றார் தலைவர். துணைக்குழு எப்போது கூடும் என்று புதியவர் கேட்கவில்லை, வேலை வேண்டுமே.

தன் முறை வரும் என்று காத்திருந்து காத்திருந்து, அக்கா கடைசியில் தானே எழுந்தாள். “சார், எங்க தெருவுல டவரை எடுத்துட்டீங்க. என் வீட்டுக்காரரு பெட்டி…”

சட்ட ஆலோசகர் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார். “உறுப்பினர் தன் சொந்த நலனைப் பற்றிப் பேசக் கூடாது! பொதுமக்கள் என்கிறவர் பொதுவாகத்தான் பேச வேண்டும்.”

“நான் உறுப்பினரா?”

“கையெழுத்துப் போட்டீங்களே.”

அதாவது, வெளியே நின்றிருந்தால் கேட்க ஆளில்லை. உள்ளே உட்கார்ந்தால் பேச உரிமையில்லை. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் மட்டும் அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே மூளையுள்ளவன்.

அதற்குப் பிறகுதான் சுவரில் வரைபடத்தைக் காட்டினார்கள். ஊரின் தெருக்களெல்லாம் அதில் இருந்தன. புகார் அதிகம் வருகிற தெரு சிவப்பு, குறைவாக வருவது மஞ்சள், புகாரே வராத தெரு பச்சை. ஊரே சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்க, அங்கங்கே சில பச்சைக் கோடுகள். அதிலே ஒன்று மட்டும் கரும்பச்சை, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. அக்கா உற்றுப் பார்த்தாள். அது அவளுடைய தெரு.

“அத்தனை வீடு இருந்தும், டவரை எடுத்த நாளிலிருந்து ஒரு புகார்கூட இல்லை!” என்றார் தலைவர், நெஞ்சு நிமிர.

அக்காவுக்கு அடக்க முடியவில்லை. மைக் வேலை செய்யாவிட்டால் என்ன, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத பையன்களைத் திட்டித் திட்டி உரம் ஏறிய தொண்டை அது. “சார், புகாரை எதுல அனுப்பணும்?”

“ஆணையத்தின் ஆப்பில்.”

“ஆப் எதுல ஓடும்?”

“நெட்டில்.”

“எங்க தெருவுல நெட் எங்க சார் இருக்கு?”

தலைவர் குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா, இது புள்ளியியல். நிதானமா யோசிச்சுப் பாருங்க. சிவப்பா இருக்கிற ஒவ்வொரு தெருவுலயும் ஒரு டவர் நிக்குது. டவர் இல்லாத தெருவுல புகாரே இல்ல. அப்ப புகாருக்குக் காரணம் எது?”

ஆலோசகர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். அன்றே தீர்மானம் நிறைவேறியது: இனி எந்தத் தெருவிலிருந்து புகார் வருகிறதோ, அந்தத் தெருவின் டவர் உடனே அகற்றப்படும். ஒரு புகார் போதும். முதலில் மார்க்கெட் மேடு. ‘இணைப்பு மெதுவாக வருகிறது’ என்று அங்கே கடைக்காரர்கள் சளைக்காமல் எழுதித் தள்ளியிருந்தார்கள். தீர்மானத்தின்போது பொதுமக்கள் அமைதி காத்ததாகக் குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

ஊரிலேயே சிறந்த தெரு என்று அக்காவின் தெருவுக்கு விருது. விழா அவள் வீட்டு வாசலிலேயே. முந்தின நாள் மத்தியானமே லாரியில் வந்து மேடை போட்டுவிட்டார்கள், அதுவும் சரியாக அவள் கேட்டை அடைத்து. கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

“தம்பி, சாயங்காலம் நான் வண்டி எடுக்கணும், கொஞ்சம் தள்ளிப் போடுங்க,” என்று கெஞ்சினாள். பந்தல்காரர் பிளானைக் காட்டினார். பிளானில் அந்த இடத்தில் வீடே இல்லை.

அன்று முழுக்கப் பெட்டியில் சிவப்புதான். “ஒரு நாள்தானே, விடு,” என்றார் புருஷன். அக்கா விடவில்லை. சோறு இறங்காமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் எழுப்பிய கூச்சலில் மேடையின் ஓரத்தை மட்டும் நகர்த்தி, கேட்டின் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். தலைவர் வந்தார். எதிர்காலத்தின் முதல் அழைப்பைத் தன் கையால் பேசப்போவதாக அறிவித்து, போனைக் காதில் வைத்தார்.

“ஹலோ! எதிர்காலமா?”

“ஆமாம் ஐயா! மிகத் தெளிவாகக் கேட்கிறது!” என்று மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய உதவியாளர் கத்தினார். நிஜமாகவே தெளிவாகக் கேட்டது, தெருக்கோடி வரைக்கும். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும் முன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் புருஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நாற்காலியோடு விழுந்தார்.

“ஏங்க! ஐயோ, ஏங்க!”

கூட்டத்தில் அத்தனை கையும் போனோடு மேலே போயிற்று. அத்தனை போனும் செத்துக்கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக் கத்தினார்கள். தலைவரும் காதிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார், குலுக்கினார், வேறு பக்கம் திரும்பி நின்று மறுபடி பார்த்தார். ஊரைப் பிடித்த நோய் தன் கைக்கும் வந்துவிட்டதில் அவருக்கு உண்மையான ஆச்சரியம்.

தலைவரின் டிரைவர்தான் மனிதன். ஓடிவந்து அக்காவின் புருஷனைத் தூக்கி அவள் காரில் போட்டு, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா காரை எடுத்தாள். வெட்டுவதற்காகக் கட்டியிருந்த ரிப்பனைக் கார் அறுத்துக்கொண்டு போனது.

“எங்க ஐயா தெருவா இருந்தா ஒரே போன்ல ஆம்புலன்ஸ் வந்திருக்கும்கா,” என்றார் டிரைவர் வழியில். “ஊர்லயே அங்க மட்டும்தான் டவர் ஃபுல்லா நிக்குது. ஐயா வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு.”

அக்கா காரை விரட்டினாள். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கருவி உள்ளேயே ஓர் அதிர்ச்சி கொடுத்து அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் நர்ஸ் சொன்னதுதான் அக்காவைக் கொன்றது. “நேத்து ராத்திரியே துடிப்பு தப்பியிருக்குக்கா. கருவி குறிச்சு வச்சிருக்கு, எங்களுக்கு வந்து சேரல. வந்திருந்தா நேத்தே உங்களை வரச் சொல்லியிருப்போம். இனிமே ஒரு நாள்கூட விடாதீங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டாரு.”

கையெழுத்துப் போட்டவள் உறுப்பினர் ஆயிற்றே, அடுத்த கூட்டத்திலும் அக்காவையே பொதுமக்களாக உட்காரவைத்து விழா அறிக்கையை வாசித்தார்கள். ‘விழா நடந்த நாள் முழுவதும் அத்தெருவிலிருந்து ஓர் அவசர அழைப்புகூடப் பதிவாகவில்லை. திறந்தவலை மக்களின் உடல்நலத்தையும் மேம்படுத்துகிறது என்பது இதனால் தெளிவாகிறது.’

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அடப் பாவிகளா! உங்க கண்ணு முன்னாலதானே விழுந்தாரு! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கழற்றி லாரியில ஏத்திட்டீங்களா?”

குமாஸ்தா எழுதினார்: பொதுமக்கள் எழுந்து நின்று அறிக்கையை வரவேற்றனர்.

அந்த வாரமே மார்க்கெட் மேட்டின் டவரும் போயிற்று. அதற்கடுத்து பேருந்து நிலையம், பள்ளிக்கூடத் தெரு, ஆற்றங்கரை. கோபம் வந்த தெருவெல்லாம் ஒரே ஒரு புகார் எழுதியது, அதோடு வாய் அடைத்துப்போயிற்று. வரைபடம் வயல்வெளி மாதிரி பச்சைப்பசேல் என்று ஆனது. தலைவருக்கு வெளியூர்களிலிருந்து பாராட்டு வந்தது. தபாலில்.

அக்கா புருஷனைப் பின்சீட்டில் படுக்கவைத்தாள்.

“இன்னிக்கு எங்க?” என்றார் அவர். குரல் இளைத்திருந்தது.

“பெரிய இடம். சட்டையை ஒழுங்காப் போடுங்க.”

தலைவர் வீட்டு மதிலோரம் காரை நிறுத்தினாள். சிறிது நேரத்தில் பெட்டியில் பச்சை எரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு தினமும் வந்தாள். டிரைவர் யாரிடம் சொன்னாரோ, கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். கப்பலில் இருக்கும் மகனோடு பேச ஒரு தாய், வேலைக்கான நேர்காணலுக்கு டை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்த ஒருவன், ஆர்டர் பிடிக்கிற தையல்காரர், ஆன்லைன் பரீட்சை எழுதும் பெண்பிள்ளைகள். சாயங்காலமானால் அந்தச் சத்தமில்லாத தெருவில் வண்டிகள் மதிலை ஒட்டி வரிசை கட்டி நின்றன. அக்கா ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியைத் தட்டி ஒரே ஒரு பாடம் நடத்தினாள்.

“இணைப்பு மெதுவா வந்தாலும் சரி, அறுந்து அறுந்து வந்தாலும் சரி, இங்க இருந்து யாரும் புகார் மட்டும் போட்டுடாதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்.”

ஒரு சாயங்காலம் தலைவரே வெளியே வந்தார். வீட்டுச் செருப்பு, கையில் போன், முகம் சிவந்திருந்தது. நேராக முதல் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன இது, சந்தைக்கடையா? என் கேட்டுல என் வண்டியே நுழைய முடியல! யார் நீங்க?”

அக்கா அவரைப் பார்த்தாள். எத்தனையோ கூட்டங்களில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள். பெயர்ப்பலகை இல்லாமல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“பொதுமக்கள் சார்,” என்றாள்.

“இப்பவே புகார் போடறேன். வாகன நெரிசல், கூட்டம், டவர் பக்கத்துல நிம்மதியே இல்லைன்னு. ஒரு நிமிஷத்துல எல்லாரையும் காலி பண்ண வைக்கிறேன்.” ஆப்பைத் திறந்து மளமளவென்று தட்டினார். அந்தத் தெருவில் அது உடனே திறந்துகொண்டது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் புருஷன் கண்ணை மூடிக் கிடந்தார். அவள் கால் பிரேக்கைத் தரையோடு அழுத்தியது, நின்றிருந்த காரில்.

“போடுங்க சார்,” என்றாள் மெதுவாக. “ஆனா தெரு பேரை ஒரு தடவை பார்த்துட்டுப் போடுங்க. ஒரு புகார் போதும்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க. நாளைக்குக் காலையில லாரி இங்கதான் வரும். என் வீட்டுக்காரருக்கு வேற இடம் இல்ல சார். உங்களுக்கும் இருக்காது.”

தலைவரின் விரல் திரைக்கு மேலே நின்றது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “ஏங்க! பேரன் வீடியோல வந்துட்டான்! உங்களைத்தான் கேக்கறான், சீக்கிரம் வாங்க!”

தலைவர் மாடியைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்ற டவரைப் பார்த்தார். வரிசையாக நின்ற வண்டிகளில் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆப்பை மூடினார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டிகளுக்கிடையே உடம்பைக் குறுக்கி நுழைந்து உள்ளே போனார்.

மறுநாள் வரைபடத்திலும் அவர் தெரு பச்சையாகவே இருந்தது.